விழுந்த கயிறு

கூரை மேல் வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தன் முடிச்சைத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. கூட வேலை செய்கிறவர்தான் போட்டுவிட வேண்டும்.

இது ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. சரிவான கூரையின் முகட்டில் ஓர் இரும்பு வளையத்தை முடுக்கியிருப்பார்கள். அதிலிருந்து கயிறு இறங்கும். கயிற்றில் ஓர் இரும்புப் பிடி வழுக்கி ஓடும். அந்தப் பிடியை ஆளின் பெல்ட்டோடு, முதுகுக்கு நடுவில் இருக்கும் வளையத்தில் மாட்டிவிடுவார்கள். பிடிக்குக் கீழே கயிற்றில் ஒரு முடிச்சு. பிடி அந்த முடிச்சு வரைதான் வரும், ஆளும் அதுவரைதான் போகலாம். விளிம்புக்கு முன்னாலேயே ஆள் நின்றுவிடுகிற மாதிரி முடிச்சு விழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சோலார் பேனல் மாட்டுகிறவர்களுக்கு எப்போதும் இன்னும் ஒரு முழம் கயிறு இருந்தால் தேவலை என்றே இருக்கும். கடைசிப் பேனலின் கடைசி போல்ட் என்றைக்குமே கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததில்லை. அந்த நேரத்தில் யாருடைய புத்தியையும் நம்பக் கூடாது என்றுதான் முடிச்சை அடுத்தவர் கையில் ஒப்படைத்தார்கள்.

இடக்கையின் முடிச்சை இப்போது ஒல்லி போடுகிறான்.

இடக்கை என்பது அவளுக்கு வேலையிடத்தில் விழுந்த பெயர். ஸ்பேனர் பிடிப்பது, டம்ளர் தூக்குவது, கோபம் வந்தால் விரலை நீட்டுவது எல்லாமே அவளுக்கு இடக்கைதான். முடிச்சும் அப்படியே. மற்றவர்கள் போட்டால் கயிறு வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஏறும். அவள் போட்டால் இடப்பக்கமாக ஏறும். கண்ணாடியில் பார்த்த முடிச்சு மாதிரி இருக்கிறது என்பான் ஒல்லி. சாயங்காலம் அதை அவிழ்க்கும்போது மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

ஒல்லி நல்ல பையன்தான். முப்பது வயதுக்கு மேல் ஆகியும் எல்லோரும் பையன் என்றுதான் சொல்வார்கள். வாயில் எதையோ மென்றுகொண்டே கயிற்றை அளப்பான், முடிச்சைப் போடுவான், வெடுக்கென்று ஓர் இழுப்பு, "ம், போங்கக்கா." வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் கையை எடுத்த பிறகும் அவள் ஒரு கணம் அங்கேயே நிற்பாள். முதுகு இன்னும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் அவள் முடிச்சைப் போட்டவன் அவள் கணவன். அவனுக்கு நிதானம் என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை. சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டு, மாட்டியது சரியா என்று தடவிப் பார்க்கிற ஆள். கயிற்றை விரிப்பான், விளிம்பு வரை அளந்து பார்ப்பான், திரும்பி வருவான், முடிச்சைப் போடுவான், அது பிடிக்காமல் அவிழ்த்து மறுபடி போடுவான். அப்புறம் அவள் முதுகு வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்துத் தோளில் தட்டி, "போயிட்டு வா" என்பான். நாலு எட்டு தள்ளியிருக்கும் பேனலுக்குப் போகிறவளிடம், என்னவோ கப்பலேறிப் போகிறவளிடம் சொல்வது போலச் சொல்வான். கீழே மேஸ்திரியும் ஒல்லியும் சிரிப்பார்கள். அவளுக்கு மானம் போகும். "சீக்கிரம் விடுங்க, பொழுது போகுது" என்று சிடுசிடுப்பாள். இன்றைக்கு அந்தப் "போயிட்டு வா"வை ஒரு தடவை கேட்பதற்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

போன வருஷம் அவள் விழுந்தாள். ஒரு தகரக் கூரையில், மத்தியானத்துக்கு மேல். வேலை கூரையின் மறுபாதிக்கு நகர்ந்ததால் கயிற்றையும் வேறு வளையத்துக்கு மாற்றினார்கள். அந்த வளையம் விளிம்புக்குக் கொஞ்சம் பக்கம். அதற்கேற்ப முடிச்சை மேலே ஏற்றிப் போட வேண்டும். எப்படியோ முடிச்சு கீழேயே இருந்துவிட்டது. கால் வழுக்கி விளிம்பைத் தாண்டிப் போய்த்தான் கயிறு அவளைப் பிடித்தது. சுவரில் மோதியதில் ஹெல்மெட் விரிசல் விட்டது, கணுக்கால் முறிந்தது. டீ குடித்தது வரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான்.

வளையத்தை மாற்றியவன் நிதானம். முடிச்சைக் குறைத்தோமா இல்லையா என்று அவனால் சத்தியம் செய்து சொல்ல முடியவில்லை. குறைத்த மாதிரியும் இருந்தது, குறைக்காத மாதிரியும் இருந்தது. கயிறு குறைவாக இருந்திருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாள், ஆகவே தான்தான் குறைக்கவில்லை என்று அவனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டபோது, தப்பு என்னுடையது என்றான். கட்டிலில் படுத்திருந்தவள் அவசர அவசரமாகக் குறுக்கே விழுந்து, இல்லை, நானேதான் அவிழ்த்து நீட்டிக்கொண்டேன் என்றாள். அவன் வேலை போய்விடக் கூடாதே என்று அவள் சொன்ன பொய் அது. "நீங்க முதல்ல, நீங்க முதல்ல" என்று வாசலில் நின்று உபசாரம் செய்துகொள்கிறவர்களைப் போல இரண்டு பேரும் தப்புக்குப் போட்டி போட்டார்கள். மேஸ்திரிக்குத் தலை சுற்றியது. விழுந்த கயிற்றை முறைப்படி வெட்டி எறிந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓர் ஆளை ஒரு தடவை தாங்கிய கயிறு மறுபடி எதையும் தாங்கக் கூடாது. அதுவும் அவர்களுடைய கட்டுப்பாடுதான்.

கால் சரியாகி அவள் மறுபடி கூரை ஏறிய முதல் நாள் நிதானம் கயிற்றை மூன்று தடவை அளந்தான். அவன் போட்ட முடிச்சில் அவள் முகட்டை விட்டே நகர முடியவில்லை. அவிழ்த்துப் போடச் சொன்னாள். போட்டான், இன்னும் குறைந்தது. இப்படியே நாட்கள் போயின. வீட்டில், நீ கூரை வேலையை விட்டுவிடு என்று ஆரம்பித்தான். அவள் தலைகீழாக நின்றாலும் முடியாது என்றாள். ஒரு நாள் எல்லோரும் கேட்க, கூரை மேலேயே அவளுக்கு வாய்க்கொழுப்பு தலைக்கேறியது.

"உங்கள நான் காட்டிக் குடுக்கலையே. அதுக்காச்சும் என் முடிச்ச ஒழுங்கா போடலாமில்ல?"

அவன் முடிச்சை ஒழுங்காகப் போட்டான். தோளைத் தட்டவில்லை, போயிட்டு வா என்றும் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில், பக்கத்து ஊரில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூரைப் பாதுகாப்புச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சிக் கூடத்தில் வேலை கிடைத்தது என்று கிளம்பினான். ஒரு கைக்குட்டை மிச்சமில்லாமல் தன் துணிமணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான். அம்மாவை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவள் வர மறுத்துவிட்டாள்.

"அவன் போனா போறான். நீ வா, சோறு ஆறுது" என்றாள் அத்தை. மாமியாரும் மருமகளும் அதற்கு முன் ஒட்டி உறவாடியவர்கள் இல்லை. சாம்பாரில் உப்பு தொடங்கி எல்லாவற்றுக்கும் சண்டைதான். அவன் போன பிறகும் சண்டை நிற்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒருத்தியை விட்டு ஒருத்தி சாப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் அம்மாவுக்குப் போன் செய்வான். எதிர்வீட்டுக் குக்கர் விசிலை எண்ணிச் சொல்லும் காது அத்தைக்கு. அந்த நேரம் மட்டும் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டுச் சமையலறைப் பக்கம் திருப்பி வைப்பாள். இடக்கை குழாயை மூடிவிட்டுப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நிற்பாள். மழை, மருந்து, கேஸ் சிலிண்டர் என்று ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்தான் அந்தக் கேள்வி வரும்.

"அவ கால் எப்படி இருக்கு?"

"கால் நல்லாத்தான் இருக்கு. மத்ததத்தான் யாரும் கேக்கறதில்ல" என்பாள் அத்தை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்த மௌனத்தை இடக்கை வாரம் முழுக்க வைத்துக்கொண்டிருப்பாள்.

இப்படி ஒரு வருஷம் ஓடிய பிறகு ஒரு சனிக்கிழமை, பால்கனிக் கொடி தொய்ந்து துணியெல்லாம் தரையைப் பெருக்குகிறது, இழுத்துக் கட்டு என்று அத்தை மூக்கால் அழுதாள். ஸ்டூல் போட்டு ஏறினாள் இடக்கை. கொடியின் நடுவில் கல் மாதிரி இறுகிப்போன ஒரு முடிச்சு. சட்டைகள் சரிந்து ஒரே பக்கம் சேராமல் இருக்க அது தோதாக இருக்கிறது என்று அத்தை அதை அப்படியே விட்டிருந்தாள். அவிழ்த்தால் கயிறு கொஞ்சம் நீளும், இழுத்துக் கட்டலாம் என்று இடக்கை அதில் நகத்தை வைத்தாள்.

அவளுக்கு மற்றவர்களின் முடிச்சு எப்போதும் தகராறுதான். விரல் ஒரு பக்கம் போகும், கயிறு மறுபக்கம் போகும். இந்த முடிச்சில் விரல்கள் தடுமாறவில்லை. எந்தச் சுற்றைத் தளர்த்தினால் எது நெகிழும் என்று அவளைக் கேட்காமலேயே தெரிந்து போய்க்கொண்டிருந்தன. முடிச்சு கொஞ்சம் அசைந்தது. அவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"அத்தை, இந்தக் கயிறு எங்க கெடச்சுது?"

ஆஸ்பத்திரியில் இருந்து அவளுடைய பெல்ட், காலணியோடு நிதானம் கொண்டுவந்து, பிரித்துப் பார்க்க மனசில்லாமல் போட்டுவைத்த பையில் கிடந்ததாம். கயிறு கெட்டியாக இருந்தது, வீணாக்குவானேன் என்று அவன் போன பிறகு எடுத்துக் கட்டினாளாம். மேஸ்திரி வெட்டிப் போட்ட துண்டுகளில் ஒன்று, பெல்ட்டோடு சேர்ந்து வந்திருக்கிறது.

இடக்கை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாங்கிய முடிச்சு அது. அவள் கனத்தால் இறுகிய முடிச்சு. சுற்றுகள் இடப்பக்கமாக ஏறின. அவள் கயிற்றில் அவள் முடிச்சு வர ஒரே ஒரு வழிதான் உண்டு. அவன் குறைத்துத்தான் போட்டிருக்கிறான். கடைசி போல்ட் எட்டாமல் அவள் அதை அவிழ்த்துக் கீழே இறக்கிப் போட்டிருக்கிறாள். அவன் பார்க்காத நேரத்தில் அதற்கு முன்னாலும் செய்திருக்கிறாள், திட்டும் வாங்கியிருக்கிறாள். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் சொன்ன பொய், பொய்யே இல்லை.

ஒரு வருஷம் அவனை மன்னித்தவளாக அவள் வளைய வந்திருக்கிறாள். எவ்வளவு பெரிய மனசு என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு. நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம். முடிச்சை அவிழ்த்துவிட்டால் வெறும் கயிறு, யாருக்கு என்ன தெரியும்? சொன்னால் அவன் மனபாரம் இறங்கிவிடும், நல்லதுதான். ஆனால் அந்தப் பாரம்தான் அவனை வாரா வாரம் போன் செய்ய வைக்கிறதோ என்றும் இருந்தது. அவள் காலைப் பற்றிக் கேட்க வேண்டிய கடமை இனி அவனுக்கு இல்லை. தப்பு அவன் மேல் இல்லை என்று தெரிந்த பிறகும் அவன் எதற்காக அவளைத் தேட வேண்டும்? அவனோடு அவளுக்கு மிச்சமிருந்த ஒரே கட்டு அதுதான். அதைத் தன் கையாலேயே அவிழ்க்க வேண்டும்.

காலையில் கொடியை வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். துணியை எங்கே காயப்போடுவது என்று அத்தை கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பயிற்சிக் கூடம் ஒரு பெரிய ஷெட். நடுவில், பழகுகிறவர்கள் விழுந்தாலும் அடிபடாத உயரத்தில், பாதிக் கூரை ஒன்றைக் கட்டிவைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் இல்லை. நிதானம் பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட்டுகளின் தையலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். சட்டையில் ஒரு பொத்தான் நிறம் மாறியிருந்தது. அவளைக் கண்டதும் பதறி எழுந்தான்.

"கால் என்ன ஆச்சு?"

"கால் நல்லாத்தான் இருக்கு. இதப் பாருங்க."

கயிற்றை வாங்கினான். அவனுக்கே உரிய நிதானத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரல் சுற்றுகளின் மேல் ஒரு தடவை போய்த் திரும்பி வந்தது. எது என்ன என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க குறைச்சுத்தான் போட்டிருக்கீங்க" என்றாள். "நான்தான் அவுத்து நீட்டியிருக்கேன். சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல. நேத்துதான் தெரிஞ்சுது."

பாரம் இறங்கியவன் முகம் மாதிரி அது இல்லை. உதடு ஒரு மாதிரி கோணியது.

"அன்னிக்குக் கூரைல ஒண்ணு சொன்ன."

"ஆமா."

"விழுந்தது நீ. ஆனா அந்த வார்த்தைல நான் விழுந்துட்டேன்."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. அவன் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கயிற்றை மறுபடி கையில் எடுத்தான்.

"இது இத்தனை நாள் எங்க இருந்துச்சு?"

"அத்தை துணி காயப்போட்டுட்டு இருந்தாங்க."

"விழுந்த கயித்துலயா?"

ஒரு வருஷத்துக் கதைக்கும் வராத கோபம் இதற்கு வந்துவிட்டது அவனுக்கு. துணிதானே என்றாள். துணியாக இருந்தாலும் கூடாது என்றான். யாராவது அவசரத்துக்கு எடுத்துப் பெல்ட்டில் மாட்டினால் என்ன ஆவது, உங்கள் ரெண்டு பேருக்கும் மூளை இருக்கிறதா என்று ஒரு பாட்டம் தீர்த்தான். கத்தியை எடுத்து எதற்கும் உதவாத துண்டுகளாக அதை நறுக்கினான். முடிச்சு இருந்த துண்டையாவது கேட்கலாமா என்று அவள் நினைத்தாள். கேட்கவில்லை. அதுவும் குப்பைத் தொட்டிக்குப் போனது.

இனி அவளுக்கு அங்கே வேலை இல்லை. "நான் கெளம்பறேன்" என்று எழுந்தாள். அவன் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைக்காகக் கொஞ்சம் நின்றாள்.

"இரு" என்றான். உள்ளே போனவன் புதுக் கயிற்றுச் சுருள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். "அம்மாவுக்குக் கொடி கட்டணும்."

வேறு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. துணிப் பை இல்லை, சீப்புகூட இல்லை. போட்டிருந்த நீலச் சட்டையோடு வந்தான். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தான், முகம் மட்டும் ஜன்னல் பக்கம். வீட்டில் கொடி கட்டினான். அவன் கட்டினால் யானையைக் காயப்போடலாம். அத்தை ஒன்றுமே நடக்காதது போலச் சோறு போட்டாள். கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான். காலையில் இடக்கை வேலைக்குக் கிளம்பும்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். விழித்துக்கொண்டுதான் இருந்தான், முதுகைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். எந்த பஸ்ஸுக்குப் போகிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. எத்தனை மணிக்குப் போனால்தான் என்ன, அவள் கேட்க விரும்பியது அதையா?

அன்றைய வேலை இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிவீட்டில். சரிவுக் கூரை. ஒல்லி மென்றுகொண்டே முடிச்சைப் போட்டான். முகட்டைத் தாண்டி மறுசரிவில் இறங்கியதும்தான் அவளுக்கு உறைத்தது: அங்கேயிருந்து அவள் வீட்டுப் பால்கனி தெரியும். தெரியும் என்றால், தண்ணீர்த் தொட்டி ஒன்று குறுக்கே நின்று மறைத்தது. இன்னும் ஓர் எட்டு கீழே இறங்கினால் போதும். பால்கனியில் அவன் நிற்கிறானா, வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும்.

இறங்கினாள். பிடி முடிச்சில் இடித்து நின்றது. எக்கிப் பார்த்தாள், தொட்டியின் விளிம்புதான் தெரிந்தது. பத்து மணி பஸ் போகும் சத்தம் பெரிய சாலைப் பக்கம் கேட்டது. அவள் இடக்கை தானாகப் போய் முடிச்சைப் பிடித்தது.

ஒல்லி முகட்டில் இருந்து பார்த்துவிட்டான். "என்னக்கா, எட்டலையா? கொஞ்சம் நீட்டித் தரவா?"

ஒரே ஒரு முழம். அவள் விரல்களுக்குக் கீழே முடிச்சின் சுற்றுகள் வலப்பக்கமாக ஏறின, அடுத்தவர் கை போட்டவை.

"வேணாம்" என்றாள். "இருக்கட்டும்."

அன்று முழுக்க அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். மனசு மட்டும் ஆயிரம் தடவை அந்த ஓர் எட்டை எடுத்து வைத்துத் திரும்பியது. மத்தியானப் பஸ்ஸும் போனது. கடைசி போல்ட்டுக்கு மேஸ்திரி வளையத்தையே மாற்றித் தர வேண்டியிருந்தது. என்ன திடீரென்று இவ்வளவு ஒழுங்கு என்று கேலி செய்தார்.

சாயங்காலம் தெருமுனை திரும்பும்போது அவள் தலையைத் தூக்கவில்லை. வீட்டுக்கு நேர் கீழே வந்துதான் நிமிர்ந்து பார்த்தாள். பால்கனியில் அவன் இல்லை. புதுக் கொடியில் அத்தையின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நிறம் மாறிய பொத்தானோடு ஒரு நீலச் சட்டை. இப்போதுதான் துவைத்துப் போட்டது, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அந்த வீட்டில் மாற்றுச் சட்டை கிடையாது.

அவள் தெருவில் நின்று அது சொட்டுவதைப் பார்த்தாள். அப்புறம் பெல்ட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினாள்.